ஐந்தாம் பொத்தான்

நாற்பத்தோராவது நிமிடத்தில் சுகந்தி என் முகத்தை மாற்றினாள். நாற்பத்தாறாவது நிமிடத்தில் திரும்ப வைத்தாள்.

படக் கம்பெனியில் கணக்கெடுக்கும் பென்னட் திரையைத் தொட்டுப் பெரிதாக்கினான். எச் 14 என்ற இருக்கைக்கு நேரே ஒரு நீளமான கோடு. தொடக்கத்திலிருந்து பச்சை. நடுவில் ஐந்து நிமிடம் ஊதா. மறுபடி கடைசி வரை பச்சை.

"பச்சை நான். ஊதா யாரு?" என்றேன்.

"மூணு. நிகேதன்."

"தெரியாம கை பட்டிருக்கலாம்ல?"

"கை பட்டா உடனே திரும்ப அமுக்குவாங்க மச்சான். இது அஞ்சு நிமிஷம்." அவன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். "யாரு எச் 14?"

"சும்மா ஒரு சீட்."

"சும்மா ஒரு சீட்டப் பார்க்கவா லீவு நாள்ல காலங்காத்தால என்னை ஆபீசுக்கு வரச் சொன்ன? சுகந்தியா?"

நான் தலையாட்டினேன்.

"நீயும் கூடப் போனியா?"

"இல்ல. அவ ஃப்ரெண்டோட போனா."

அந்த ஐந்து நிமிடம் என்ன காட்சி என்று பென்னட் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். பழவேற்காடு ஏரியில் ஒரு படகு. வழுதியும் அந்த டாக்டர் பெண்ணும். ஒரு போர்வை. மூன்று நாள் எடுத்தார்கள். எனக்குச் சளி பிடித்தது.

வழுதி முப்பத்தாறு வருடமாக உளவாளி. அவனுக்கு வயதாகவில்லை. அவனாக நடித்தவர்களுக்கு ஆனது. முதலில் தேவராகவன், ஆறு படம். பிறகு சாரங்கன். பிறகு நிகேதன். பிறகு ஹரிவர்தன். ஆள் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் பழைய ஆளை வைத்துப் புதிய ஆளை அளந்தார்கள். சாரங்கன் குள்ளம் என்றார்கள். நிகேதன் பற்பசை விளம்பரத்துக்குத்தான் சரி என்றார்கள். ஹரிவர்தன் வந்தபோது மதுரையில் ஒரு தியேட்டரில் திரையைக் கிழித்தார்கள். அந்தப் படம் படுத்துவிட்டது. ஐந்தாவதாக ஓர் ஆளைக் கொண்டுவரக் கம்பெனிக்குத் தைரியம் இல்லை.

அதனால் வெள்ளிக்கிழமை வெளியான பதினைந்தாவது படத்தை வேறு மாதிரி எடுத்தார்கள். உடம்பு ஒன்று. முகம் பார்ப்பவர் இஷ்டம். தியேட்டரில் நுழையும்போது காதுக்கு ஒலிக்கருவியோடு ஒரு கண்ணாடி தருகிறார்கள். இருக்கையின் கைப்பிடியில் ஐந்து பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் தேவராகவன். அவருடைய முகம், அவருடைய குரல், நாற்பது வயதில் இருந்தபடியே. இரண்டு சாரங்கன். மூன்று நிகேதன். நான்கு ஹரிவர்தன். படம் ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரர் யாரைப் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சுவரொட்டியில் முகமே இல்லை. ஒரு கை, அதில் ஒரு கடிகாரம்.

அந்தக் கை என்னுடையது. உடம்பும் என்னுடையது. வழுதி அழுத இடத்தில் நான்தான் அழுதேன். என் அழுகையின் மேல் அவர்களுடைய முகத்தை வைத்தார்கள்.

ஐந்தாவது பொத்தான் என் முகம். பெயர் இல்லை, 'புதியவர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. முதல் மூன்று நாட்களில், தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாமல் என் முகத்தோடு பார்த்த இருக்கைகள் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருந்தால் ஐந்தாவது வழுதி என்று என் பெயரை அறிவிப்பார்கள். இல்லாவிட்டால் பொத்தானை எடுத்துவிடுவார்கள். அடுத்த நான்கு படங்களுக்கு என் உடம்பு மட்டும் போகும். அது நான்தான் என்று எங்கேயும் சொல்லக் கூடாது.

"நேத்து எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு புள்ளி எட்டு."

"அவ்வளவுதானா?"

"இரு. முழுசாக் கேளு. ஆரம்பத்துல நூத்துக்குப் பதினோரு பேர் உன்ன அமுக்கித்தான் உட்கார்ந்திருக்காங்க. யாரோ புதுசா, பார்ப்போமேன்னு. பன்னெண்டாவது நிமிஷம் வரைக்கும் உன்கூடத்தான் இருக்காங்க. இங்க பாரு." அவன் விரல் வைத்த இடத்தில் கோடு சுவரிலிருந்து விழுந்த மாதிரி நேராக இறங்கியது. "எல்லாம் ஒண்ணாவது பட்டனுக்குப் போயிட்டாங்க. தேவராகவன்கிட்ட."

பன்னிரண்டாவது நிமிடத்தில் வழுதி கடிகாரத்தைத் திருப்புகிறான்.

சண்டைக்கு முன்னால் வழுதி கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொள்வான், கண்ணாடி உடையக் கூடாது என்று. தேவராகவன் அதைக் கட்டை விரலாலும் நடு விரலாலும் செய்வார். கையைப் பார்க்க மாட்டார். எதிரியின் கண்ணைப் பார்ப்பார். சாரங்கன் குனிந்து பார்த்துச் செய்தார். நிகேதன் பட்டையைப் பல்லால் இழுத்தார். ஹரிவர்தன் செய்யவே இல்லை. திரை கிழிந்தது அதற்காகத்தான்.

"அச்சு அசலா அவர் பண்ற மாதிரியே பண்ணியிருக்க. அதான் வம்பு. அந்தக் கையப் பார்த்ததும் அந்த மூஞ்சி வேணும்னு தோணிடுது. உன் மேல யாருக்கும் கோபம் இல்ல மச்சான். அவர் ஞாபகம் வந்துடுது."

"பதினோரு வயசுலேர்ந்து நான் அப்படித்தான் பண்றேன்."

"தெரியும். அதுக்குத்தான உன்ன எடுத்தாங்க?" அவன் மறுபடி எச் வரிசைக்கு வந்தான். "உன் ஆளு பன்னெண்டுல மாத்தல. அதையும் பாரு. பக்கத்துல எச் 15 இருக்கே, அது முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒண்ணு. நகரவே இல்ல. சுகந்தி ஃப்ரெண்டு தேவராகவன் வெறியர் போல."

"இருக்கலாம்" என்றேன்.

நான் ஊதாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பள்ளியின் அண்ணாநகர் கிளையை நிகேதன் திறந்துவைத்தார். கத்திரிக்கோல் வைத்த தட்டை அவள்தான் பிடித்திருந்தாள். புகைப்படத்தில் நிகேதன் ரிப்பனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்கிறார். அந்தப் படம் மாமியார் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் சட்டம் போட்டு நிற்கிறது. அந்த வீட்டில் நான் குளிர்ந்த தண்ணீர் குடித்ததில்லை.

அலுவலகத்திலிருந்து நேராகப் பெரம்பூர் போனேன். நிகேதனைப் பற்றி யாராவது கேவலமாகப் பேசிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அதற்கு லோகு அண்ணன்தான் சரி.

லோகு அண்ணன் பைக் பழுது பார்க்கிறார். முப்பது வருடமாகத் தேவராகவன் ரசிகர் மன்றச் செயலாளர். என் உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டது அவர்தான். எண் 212. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

"வாடா வழுதி" என்றார். ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டீங்களா?"

"அஞ்சை அமுக்கினா நீ நிக்கற. என் கடைல ஓசி டீ குடிச்ச மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"நிகேதனப் பத்தி என்ன நினைக்கறீங்கண்ணே?"

"அவனப் பத்தி நினைக்க என்னடா இருக்கு? மூஞ்சிய இஸ்திரி போட்டு வெச்சிருப்பான். குண்டு வெடிச்சாலும் அதே மூஞ்சி. பொண்ணு தொட்டாலும் அதே மூஞ்சி."

"பொண்ணுங்களுக்குப் பிடிக்குதே."

அவர் செயினைத் தரையில் போட்டார். "அத ஏன் கேக்கற. என் வீட்டம்மாவுக்கு ஹரிவர்தனப் பிடிக்குமாம். நேத்துதான் தெரியுது. முப்பது வருஷம் தலைவர் கட்-அவுட்டுக்கு அவதான்டா மாலை கட்டிக் கொடுத்தா. கண்ணாடியப் போட்டதும் நாலை அமுக்கியிருக்கா. ஏன்டின்னா சிரிக்கறா. அந்தப் புள்ள பாவம், எல்லாரும் திட்டறீங்களேங்கறா. நேத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல."

எனக்கு அவர்மேல் பரிவாக இருந்தது. நான் என் விஷயத்தைச் சொல்லவில்லை.

"என்னை வெச்சுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன்டா."

"எவ்வளவு நேரம்?"

"வாட்ச் வரைக்கும்." அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "கோச்சுக்காத. அது தலைவரோட கை. கைய அவர்கிட்டேர்ந்து எடுத்துட்டு மூஞ்சி மட்டும் உன்னுதுன்னா எப்படிடா? நீ தப்பாப் பண்ணியிருந்தா உன்னத் திட்டிக்கிட்டே கடைசி வரைக்கும் பார்த்திருப்பேன்."

"திட்டறதுக்கா?"

"பின்ன? புது ஆள் வந்தா மொத ஷோவுல என்ன பண்ணுவோம்? கம்முனு உட்காருவோம். விசில் கிடையாது, பேப்பர் கிடையாது. மொத வரிசைல நான். வாட்ச்சத் திருப்பறான்ல, அதுல மனசுக்குப் பட்டா ஒரு விசில். என் விசில் கேட்டப்புறம்தான் மத்தவன் அடிப்பான். சாரங்கனுக்கு ரெண்டாவது படத்துலதான் அடிச்சேன். மொத படம் பூரா திட்டினேன். திட்டறதுக்காவது ஒருத்தன் மூஞ்சிய மூணு மணி நேரம் பார்க்கணும்ல? பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு. இப்ப எதுக்கு? பிடிக்கலையா, அமுக்கு. ஆளே காணோம்."

"இந்தப் படத்துக்கு விசில் அடிச்சீங்களா?"

"யாருக்கு அடிக்கறது?" என்றார். "வாயில விரல வெச்சேன். பக்கத்துல இருக்கறவன் யாரைப் பார்க்கறான்னு தெரியல. எடுத்துட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது சுகந்தி மதிய வகுப்பு முடிந்து வந்திருந்தாள். ஒரு வங்கி மேனேஜர் ரிவர்ஸ் எடுத்துப் பள்ளியின் கேட்டை இடித்ததைச் சொன்னாள். இவள் பக்கம் இருக்கும் பிரேக்கை அழுத்தியும் நிற்கவில்லையாம். நான் சிரிக்கவில்லை.

"என்னங்க? ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"பிடிக்கலைன்னா மாத்திக்கோயேன்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். உடனே புரிந்துகொண்டாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட் வாரியாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அடுத்தவங்க என்ன பார்க்கறாங்கன்னு போய்ப் பார்க்கறது அசிங்கமா இல்ல?"

"நிகேதன்" என்றேன். "அதுவும் அந்த சீனுக்கு மட்டும்."

"கேக்கணும்னா ஒழுங்காக் கேளுங்க. ஏன் மாத்தினேன்னு கேளுங்க."

"ஏன் மாத்தின?"

"அந்தப் பொண்ணு கழுத்துல மூக்க வெச்சீங்க."

"அது நடிப்பு சுகந்தி. சுத்தி நாப்பது பேர் நின்னாங்க."

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதே மாதிரி வெச்சீங்களே. இடது பக்கம். காதுக்குக் கீழ. மொதல்ல கண்ண மூடிட்டு, அப்புறம் மூச்ச விட்டுட்டு." அவள் தன் காதுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "அது நம்ம வீட்ல நடக்கறது. அத எடுத்துட்டுப் போய் அங்க வெச்சுட்டீங்க. தியேட்டர்ல அத்தனை பேர். என்னால முடியல. பிரேக் போட்டேன். அவ்வளவுதான்."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"பிரேக் போட நிகேதன்தான் கிடைச்சானா? இன்னும் மூணு பேர் இருந்தாங்களே."

"நீங்கதான தினம் சொல்வீங்க? அவனுக்கு லவ் சீனே வராது, மரக்கட்டையத் தூக்கிப் போட்ட மாதிரி கிடப்பான்னு. அதான் மூணு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. கட்டை மாதிரியே இருந்தான். எனக்கு ஒண்ணுமே ஆகல. போட் கரைக்கு வந்ததும் உங்களத் திரும்ப வெச்சுட்டேன்."

"உங்கம்மா வீட்டு ஃபோட்டோவுல அவன் உன்னப் பார்க்கறான்."

"எனக்குப் பின்னாடி கண்ணாடிக் கதவு. அவன் தலை கலைஞ்சிருக்கான்னு பார்த்துக்கறான். ஏழு வருஷமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க?"

சிரிப்பு வந்தது. எனக்கும் அவளுக்கும். அப்போதே விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"பன்னெண்டாவது நிமிஷம் நீ மாத்தல. மத்தவங்க எல்லாம் மாத்திட்டாங்க."

"அதுல என்ன சீன்?"

"வாட்ச்."

"அத ஏன் மாத்தணும்? அது உங்களோடது."

"தேவராகவனோடது."

"எங்கப்பா எங்களப் படத்துக்கே விட்டதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி நான் அவர் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப கேசரித் தட்ட வாங்கறதுக்கு முன்னாடி வாட்ச்சத் திருப்பினீங்க. குக்கர் விசில் கேட்டா திருப்புவீங்க. போன் வந்தா திருப்புவீங்க. மாப்பிள்ளைக்கு மணிக்கட்டுல வலியான்னு எங்கம்மா கேட்டாங்க. அப்புறம் ஒரு நாள் டிவில அவர் பண்றதப் பார்த்தேன். இந்த ஆளு ஏன் உங்கள மாதிரியே பண்றாருன்னுதான் எனக்குத் தோணுச்சு."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப நான் கேக்கறேன். எச் 15. நீங்க எந்த பட்டன அமுக்கினீங்க?"

தெருவில் காய்கறி வண்டி போனது. அது முனை திரும்பும் வரை காத்திருந்தேன்.

"ஒண்ணு."

"எவ்வளவு நேரம்?"

"முழுக்க."

"ஷூட்டிங்லயாவது உங்களப் பார்த்திருக்கீங்களா?"

"மானிட்டர்ல அவர் முகத்த வெச்சுக் காட்டச் சொன்னேன். அப்பத்தான் சரியாப் பண்ண முடிஞ்சுது."

சுகந்தி நீண்ட நேரம் என்னையே பார்த்தாள்.

"நான் போய் அந்த டாக்டர் பொண்ணு மேல பொறாமைப்பட்டுட்டு இருந்தேன் பாருங்க" என்றாள். "ஆளத் தப்பாப் பிடிச்சுட்டேன்."

எனக்குத் தேவராகவன்மேல் பொறாமை இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. இறந்து ஒன்பது வருடமான ஒரு மனிதர் இரண்டு விரலை அசைத்த விதம் என்னிடம் இருக்கிறது. அதை நான் எத்தனை சுத்தமாகச் செய்தாலும் கைதட்டல் அவருக்குப் போகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்தான். கைதட்டுபவனும் நான்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

"நாளைக்கு மதிய ஷோ போறோம்" என்றாள். "அதே சீட்டு. நான் போட் சீனையும் சேர்த்துப் பார்க்கறேன். நீங்க உங்களப் பாருங்க. முழுசா."

"ரெண்டு சீட்டால ஒண்ணும் ஆகாது. ஊர் பூரா எண்ணறாங்க."

"ஆக வேணாம். போறோம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருந்தது. சத்தம் இல்லை. எல்லோரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரவர் ஆளோடு உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி என் இடது மணிக்கட்டை, கடிகாரத்துக்குச் சற்று மேலே, பிடித்துக்கொண்டாள். அந்தக் கை பொத்தான்களின் மேல் இருந்தது. ஐந்தை அமுக்கினேன். அவளும் அமுக்கியதைக் காட்டினாள்.

காசிமேடு மீன் சந்தையில் வழுதி நடந்து வந்தான். என் மூக்கு. என் காது. நான் நினைத்திருந்ததை விட என் காது பெரியது. ஆனால் நடை நன்றாக இருந்தது. ஒரு கிழவியிடம் வஞ்சிரம் விலை கேட்டபோது அந்த முகத்தில் ஒரு குறும்பு வந்தது. அதை நான் செய்தேன் என்று எனக்கே தெரியாது. தேவராகவன் முகத்தில் அது தெரிந்ததில்லை. எட்டாவது நிமிடத்தில் நான் மறந்துபோய்ச் சிரித்தேன். சுகந்தியின் பிடி இளகியது. இவனைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஐஸ் தொழிற்சாலையில் ஐந்து பேர் வழுதியைச் சுற்றி நின்றார்கள். அவன் அவர்கள் கண்ணைப் பார்த்தான். கட்டை விரலும் நடு விரலும் கடிகாரத்துக்குப் போயின.

அது அவருடைய கை. ஏழாம் வகுப்பில் முதல் வரிசையில் லோகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை. அதற்கு மேலே யாரோ ஒருவன். பெரிய காதுகளோடு, எங்கள் வீட்டுக் கண்ணாடியில் ஷேவ் செய்துகொள்கிறவன். நீ யாருடா என்று எனக்குள் ஒருவன் கேட்டான். உனக்கு எதுக்குடா இது என்று கேட்டான். திரையைக் கிழித்தவர்களை எனக்கு அந்த நொடி புரிந்தது.

என் சுட்டு விரல் நகர்ந்தது. அதிகம் இல்லை. ஐந்திலிருந்து ஒன்றுக்கு நான்கு அங்குலம்கூட இருக்காது.

தேவராகவன் வந்தார். நிம்மதியாக இருந்தது.

நாற்பத்தோராவது நிமிடத்தில் படகு ஏரிக்குள் போனது. சுகந்தியின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. மெதுவாக ஆரம்பித்து நன்றாக இறங்கின. அவள் மற்றொரு கை மடியில் இருந்தது. பொத்தான் பக்கம் போகவில்லை. நான் தேவராகவன் ஒரு பெண்ணின் கழுத்தில் மூக்கை வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் அவள் விடவில்லை.

இடைவேளையில் கண்ணாடியைக் கழற்றினோம். அவள் கண் சிவந்திருந்தது. பாப்கார்ன் வாங்கி வந்தாள். மறுபடி ஐந்தை அமுக்க எனக்கு அப்போது நேரம் இருந்தது.

வெளியே வெயில். வண்டியை எடுக்கும்போது கேட்டாள்.

"முழுசாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தாரு?"

"காது பெருசு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பென்னட் கூப்பிட்டான்.

"மூணு புள்ளி ஒண்ணு" என்றான். "மத்தியானத்தோட அஞ்ச எடுத்துடறாங்க மச்சான். அடுத்த படத்துக்கு மாசக் கடைசில கூப்பிடுவாங்க. உடம்ப ஏத்திடாத."

"சரி."

"நேத்து எச் 14 பார்த்தேன். முழுக்கப் பச்சை. ஒரு புள்ளிகூட மாறல." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த ஃப்ரெண்டு இருக்காரே, எச் 15. பன்னெண்டு நிமிஷம் உன்கூட இருந்தாரு."

"ம்."

"பரவால்ல. போன தடவைக்கு இது மேல்" என்று வைத்துவிட்டான்.

சமையலறையில் சுகந்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குக்கர். பத்து மணிக்கு அவளுக்கு வகுப்பு, அந்த வங்கி மேனேஜர்.

"பென்னட்டா?"

"ஆமா."

"போச்சா?"

"போச்சு."

கத்தி பலகையில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஐஸ் ஃபேக்டரில உங்க நரம்பு அசைஞ்சுது" என்றாள். திரும்பவில்லை. "என் கைலதான இருந்துச்சு உங்க மணிக்கட்டு?"

நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"படம் ஓடும்போது பேசினா உங்களுக்குப் பிடிக்காது."

மத்தியானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. ஊரில் எங்கோ காலைக் காட்சி தொடங்கியிருக்கும். யாரோ ஐந்தை அமுக்கியிருப்பார்கள்.

குக்கர் விசில் அடித்தது.

என் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போனது. கட்டை விரல், நடு விரல். அங்கே நகம் பதிந்த தடம் மூன்று இருந்தது. தொட்டதும் எரிந்தது. பாதியில் நின்றேன். பிறகு திருப்பினேன், கையைப் பார்க்காமல்.

சுகந்தி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை.